புகை வராத டூ ஸ்ட்ரோக்

ஐயா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துபோவேன். வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பில் டாப்பெட் சத்தம் வருகிறது. டிரைவர் எஞ்சினை அணைக்காமல் பேசிக்கொண்டிருந்தபோது இந்த ஜன்னல் வழியாகக் கேட்டேன். வால்வு இடைவெளி கூடிப்போயிருக்கிறது. இன்றைக்கோ நாளைக்கோ நின்றுவிடாது, பயப்பட வேண்டாம். ஆனால் இப்படியே விட்டால் மேடு ஏறும்போது திணறும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி அப்படித்தான். ஒரு குறை வந்தால் முன்கூட்டியே மெல்லச் சொல்லும்.

என்னை இங்கே யாரும் மிரட்டவில்லை, அடிக்கவில்லை. உங்கள் காவலர் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் தூக்கல், மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை. மலைச்சாலையின் மூன்றாவது வளைவில் என் மாப்பிள்ளை விழுந்து இறந்தது விபத்தா, இல்லையா என்று கேட்டீர்கள். பதில் சொல்கிறேன். ஆனால் டூ ஸ்ட்ரோக்குக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாமல் நான் சொல்வது உங்களுக்குப் புரியாது. பாடம் எடுக்காமல் விஷயத்துக்கு வா என்று உங்கள் முகம் சொல்கிறது. விஷயமே அதுதான்.

ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் நிதானமான ஆள். பிஸ்டன் கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் உள்ளே வரும். மேலே ஏறி அதை இறுக்கும். பிளக் பொறி விட்டதும் வெடித்துக் கீழே தள்ளும். மறுபடி மேலே ஏறிப் புகையை வெளியேற்றும். நாலு நடைக்கு ஒரு வெடி. டூ ஸ்ட்ரோக்குக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஏற ஒன்று, இறங்க ஒன்று, அதற்குள் எல்லா வேலையையும் முடித்துவிடும். வால்வும் இல்லை, டாப்பெட்டும் இல்லை. அதனால்தான் அது துள்ளும், கத்தும், பின்னால் நீலப் புகை விடும். பார்க்கிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அந்தப் புகை இல்லாவிட்டால் சோறு இறங்காது.

இவ்வளவும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலருக்குத் தெரியாதது ஆயில் சமாசாரம். ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் அதன் வயிற்றில் தனியாக இருக்கும். சக்கரம் சுற்றுகிறவரை அந்த ஆயில் எஞ்சின் முழுக்கப் போய்வந்துகொண்டே இருக்கும். நீங்கள் ஆக்சிலேட்டரை மூடினாலும் திறந்தாலும் அதற்குக் கவலையில்லை. டூ ஸ்ட்ரோக்குக்குத் தனி ஆயில் கிடையாது. பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் போனால்தான் ஆயில் போகும். ஆக்சிலேட்டரை மூடினால் இரண்டும் சேர்ந்து நின்றுவிடும்.

சமதரையில் இதனால் ஒன்றும் ஆகாது. நீளமான இறக்கத்தில்தான் வினை. ஆக்சிலேட்டரை மூடிவிட்டு, கியரில் வண்டியை இறங்கவிட்டால், சக்கரம் எஞ்சினை வேகமாகச் சுற்றும். உள்ளே ஆயில் வராது. பிஸ்டன் வறண்டு தேயும், சூடாகும், வீங்கும், கடைசியில் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அந்த நொடியே பின்சக்கரமும் நின்றுவிடும். ஓடுகிற சக்கரத்தில் கடப்பாரையைச் சொருகினாற்போல. அதனால்தான் டூ ஸ்ட்ரோக் ஓட்டிப் பழகியவன் இறக்கத்தில் அவ்வப்போது ஆக்சிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்குவான். இடது கையில் இரண்டு விரலைக் கிளச் மேலேயே வைத்திருப்பான். எஞ்சின் கவ்வினால் சட்டென்று கிளச்சைப் பிடித்துச் சக்கரத்தை விடுவித்துவிடலாம். உயிர் பிழைத்துக்கொள்ளலாம்.

என் மகளுக்கு இது எழுத்துக் கற்றுக்கொள்வதற்கு முன்பே தெரியும்.

அவளுக்கு ஊரில் பட்டப்பெயர் பிளக்கு. சின்ன வயதில் பட்டறை மூலையில் உட்கார்ந்து பழைய பிளக்குகளை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பாள். அவள் தாய் போனபிறகு பிள்ளையை வைத்துக்கொள்ள வேறு இடம் இல்லை, அதனால் பட்டறையிலேயே வளர்ந்தாள். மறு கல்யாணம் பண்ணிக்கொள் என்று சொல்லாதவர் இல்லை. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலை வாரிவிட்டது நான், காய்ச்சலுக்குக் கண்விழித்தது நான். பெரியவள் ஆனபிறகு அவளே பட்டறையில் பாதி. சாலையில் வண்டி போகிற சத்தத்தைக் கேட்டு, "அப்பா, அந்த ஆளுக்குச் செயின் தளர்ந்துபோச்சு, நாளைக்கு இங்கதான் வருவாரு பாரு" என்பாள். வருவார். எதிர்க்கடைப் பஞ்சர்காரர் அவளை ஜோசியக்காரி என்றுதான் கூப்பிடுவார். இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் அதுதான் உண்மை.

மாப்பிள்ளையைப் பற்றி நான் ஒரு குறை சொன்னதாக எங்கேயும் எழுதிவிடாதீர்கள். தங்கமான பிள்ளை. ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவருடைய ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியைச் சரிபார்க்க எங்கள் பட்டறைக்கு வந்தார். அது சரியான பிறகும் வந்தார். எனக்கு விஷயம் தெரிந்தது, நான் தடுக்கவில்லை. கல்யாணமான பிறகு எங்கள் வீட்டு மாடியிலேயே குடிவந்தார்கள். என் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னால், "மாமா, உட்காரட்டுமா" என்று கேட்பார். எனக்குச் சர்க்கரை ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தவரே அவர்தான். சாப்பிட்டு முடித்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் கையில் கொண்டுவந்து கொடுப்பார். அந்த மனிதர்மேல் எனக்கு என்ன கோபம் இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஒன்றுதான். அவளைச் சிரிக்க வைப்பார். மாடியிலிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கீழே கேட்கும். என்ன விஷயம் என்று மறுநாள் கேட்டால், "ஒண்ணுமில்லப்பா" என்பாள். அதற்குமுன் அவள் என்னிடம் ஒண்ணுமில்லை என்று சொன்னதே கிடையாது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. நீங்கள் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

பிறகு அந்த வேலை வந்தது. கடலோரத்துப் பெரிய ஆஸ்பத்திரி, இரட்டிப்புச் சம்பளம், குடியிருக்க வீடு. இங்கிருந்து ரயிலில் இரண்டு நாள் பயணம். சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை தயங்கித் தயங்கிச் சொன்னார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்களும் வந்துடுங்க. உங்களுக்குன்னு தனி ரூம் இருக்கு. இங்க தனியா இருந்து என்ன பண்ணப்போறீங்க?"

"பட்டறை?"

"போதும்ப்பா, எத்தனை வருஷம்தான் கையெல்லாம் கிரீஸோட இருப்ப" என்றாள் அவள். "அங்க வந்து கடல பாத்துட்டு உக்காந்துக்கோ."

அவர்கள் கூப்பிட்டார்கள். அதை மறைக்க மாட்டேன். மனதாரத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அடுத்தவர் வீட்டில், அடுத்தவர் கொடுத்த அறையில், மேலே கேட்கிற சிரிப்புக்கு என்ன காரணம் என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஆளாக என்னை நினைத்துப்பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. பட்டறையை விட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப அழுவாள், பிடிவாதம் பிடிப்பாள், போகமாட்டேன் என்பாள் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் அழுதாள். மறுநாள் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

அவளுக்கென்று ஒரு டூல் பெட்டி இருந்தது. அவள் கைக்கு அடக்கமாக நானே பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஸ்பேனர்கள். அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தாள். "இது உனக்கே இருக்கட்டும்ப்பா. அங்க எனக்கு எதுக்கு?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நான் அந்தப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தேன். துடைத்து முடித்தபோது என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. கோபமெல்லாம் இல்லை. ஒரு வண்டியில் கோளாறு எங்கே என்று பிடிபட்டுவிட்டால் மனசு லேசாகுமே, அப்படித்தான் இருந்தது.

மாப்பிள்ளையின் வண்டிக்கு வால்வு பார்க்க வேண்டியிருந்தது. இது பொய்யில்லை, உங்கள் ஜீப்பில் கேட்கிற அதே சத்தம் அதிலும் வந்தது. ஊருக்குப் போகிறதற்குமுன் பார்த்துவிடலாம் என்று சொல்லி அதைப் பிரித்துவைத்தேன். நடுவில் எங்கேயாவது போகவேண்டுமென்றால் என் டூ ஸ்ட்ரோக்கை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் அதற்குமுன் டூ ஸ்ட்ரோக் தொட்டதில்லை. சந்தைக்குப் பின்னால் சமதரையில் நானே பின்னால் உட்கார்ந்து பழக்கிக் கொடுத்தேன். கவனமாகக் கேட்டுக்கொள்கிற பிள்ளை.

"மாப்ள, கிளச் மேல சும்மா சும்மா விரல வைக்காதீங்க. பிளேட் தேஞ்சிடும். நல்லா நாலு விரலும் கைப்பிடியில இருக்கட்டும்."

"சரி மாமா."

"மலைச்சாலையில இறங்கும்போது பிரேக்கையே நம்பாதீங்க, சூடாயிடும். ரெண்டாவது கியர்ல போட்டு ஆக்சிலேட்டர சுத்தமா மூடிடுங்க. எஞ்சினே வண்டியப் புடிச்சுக்கும்."

"ஆக்சிலேட்டர் மூடி, ரெண்டாவது கியர்" என்று அவர் பாடம்போலத் திருப்பிச் சொன்னார். "நம்ம வண்டியிலயும் அப்படித்தானே மாமா ஓட்டுறேன்."

"அதேதான்" என்றேன்.

அவர் வண்டிக்கு அது சரியான புத்திமதி, ஐயா. எந்த மெக்கானிக்கிடம் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கை இறக்கத்தில் அப்படித்தான் ஓட்ட வேண்டும், கிளச்சில் விரல் வைக்கவும் கூடாது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எந்த வண்டிக்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

புதிய வேலைக்குச் சம்மதம் சொல்ல அவர் மலையடிவாரத்தில் அந்த ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற அலுவலகத்துக்கு நேரில் போகவேண்டியிருந்தது. அன்றைக்கு மதியத்துக்குள் வரவில்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள். காலையில் நான் சீக்கிரமே பட்டறையைத் திறந்தேன். முந்தின நாளே டேங்கைச் சுத்தமாக வடித்துவைத்திருந்தேன். புது பெட்ரோல் ஊற்றினேன். அலமாரியில் ஆயில் டின் இருந்தது, பக்கத்தில் அளவு கப் இருந்தது. கப்பைக் கையில் எடுத்தேன். அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கவிழ்த்தேன். அவ்வளவுதான் ஊற்றினேன். சந்தைத் தெருவைத் தாண்டி முதல் வளைவு வரைக்கும் அது போதும்.

இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு எழுதிக்கொள்ள வசதி.

மாப்பிள்ளை சலவைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். நான் வண்டியைத் துடைத்து வெளியே நிறுத்தியிருந்தேன். ஹெல்மெட்டை நானே எடுத்துக் கொடுத்து, தாடைக்குக் கீழே வாரை இறுக்கிவிட்டேன். தளர்வாக இருந்தது, அப்படி அனுப்ப மனம் வரவில்லை. அவர் கிக்கரை உதைத்ததும் ஒரே உதையில் கிளம்பிவிட்டது. எதிரே பஞ்சர்காரர், "மாமனார் வண்டி மருமகனுக்கு மட்டும் மொதல் உதையிலயே கேக்குது பாருங்க" என்று கிண்டலடித்தார். எல்லோரும் சிரித்தோம்.

அப்போது அவள் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் பை, தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"நானும் வரேங்க. கீழ வரைக்கும் போய் எவ்வளவு நாளாச்சு."

அவர் முகம் மலர்ந்தது. "வா, வா" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அவள் ஒரு காலைத் தூக்கிப் போட்டுப் பின்னால் உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"ஆயில் ஊத்துனியாப்பா?"

அவள் எப்போதும் கேட்பாள். எந்த டூ ஸ்ட்ரோக் வெளியே போனாலும் கேட்பாள். பழக்கம்.

"ஊத்தினேன்" என்றேன்.

ஐயா, அந்த நேரத்தில் எனக்கு வேர்த்த வேர்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. இருக்கிற துளி ஆயிலும் நின்ற இடத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை கியரைப் போட்டார். வண்டியில் கோளாறு என்று சொல்லலாம் என்றால், அவளே இறங்கி என்ன கோளாறு என்று பார்ப்பாள். அவளிடம் வண்டியைப் பற்றிப் பொய் சொல்ல முடியாது. அதனால் என்னைப் பற்றிச் சொன்னேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தேன்.

"அப்பா" என்று கத்திக்கொண்டு குதித்து இறங்கி ஓடிவந்தாள். என் பக்கத்தில் மண்டியிட்டு நெஞ்சைத் தடவினாள். அந்தக் கை அப்படி என்னைத் தொட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாப்பிள்ளையும் வண்டியை அணைத்துவிட்டு வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

"மாமா, கை மரத்துப்போகுதா? தோள்பட்டை வலிக்குதா?"

"வாயு மாப்ள. காலையில வெறும் வயித்துல டீ குடிச்சேன். சரியாயிடும். நீங்க கிளம்புங்க."

"நான் போகல மாமா. உங்கள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அந்த வேலை போனாப் போகுது. வேற வராமலா இருக்கும்."

இந்த இடத்தை நீங்கள் இரண்டு தடவை கேட்டுவிட்டீர்கள். நேற்றும் கேட்டீர்கள். அவர் போகாமல் இருந்திருந்தால் வேலை அடுத்த ஆளுக்குப் போயிருக்கும். அவர்கள் ஊரைவிட்டே போயிருக்க மாட்டார்கள். மகள் என் வீட்டிலேயே இருந்திருப்பாள். நான் ஆசைப்பட்டது எல்லாம் யாருக்கும் ஒரு கீறல்கூட விழாமல் என் கைக்கு வந்திருக்கும். வாயை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாலே போதும். பிறகு ஏன் அனுப்பினாய் என்கிறீர்கள்.

நான் யோசித்துத்தான் பார்த்தேன். வண்டி தயாராக இருந்தது, ஐயா. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

"என்னால உங்க வேலை போச்சுன்னா எனக்குச் சாப்பாடே இறங்காது மாப்ள. அவ இருக்கா இல்ல, பாத்துக்குவா. நீங்க போயிட்டு வாங்க" என்றேன். அவர் அவளைப் பார்த்தார். அவள், "போயிட்டு வாங்க, நான் பாத்துக்கறேன். மோசமா இருந்தா எதிர்க்கடை அண்ணன் வண்டியில கூட்டிட்டுப் போயிடறேன்" என்றாள். அவர் உள்ளே ஓடிப்போய் என் மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரும் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். நான் விழுங்குகிறவரை நின்றார். பிறகு போனார்.

அவள் என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு வண்டி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தைத் தெருவில் வண்டி திரும்பும்போது அவள் புருவம் சுருங்கியது.

"என்னப்பா, புகையே வரல?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அப்பா, புகையே வரலப்பா."

"காத்து அடிக்குதும்மா" என்றேன்.

எங்கள் பட்டறை மலையுச்சி ஓரத்தில் இருக்கிறது. கீழே இறங்குகிற சாலை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் வண்டிகளின் சத்தம் வளைவுக்கு வளைவு மேலே ஏறிவரும். அவள் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். முதல் வளைவில் மாப்பிள்ளை கியரைக் குறைத்தது கேட்டது. பிறகு எஞ்சின் முறுக்கும் சத்தம் அடங்கி, மூடிய ஆக்சிலேட்டரில் இழுபட்டு ஓடுகிற அந்த மெல்லிய சத்தம் வந்தது. நடுநடுவே ஒரு முறுக்குச் சத்தம் வரவேண்டும். வரவில்லை. அவள் கை என் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"மூடிட்டு இறங்குறாரு" என்றாள், தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பினாள். "அப்பா, அவரு ஆக்சிலேட்டர மூடிட்டு இறங்குறாரு. நீ சொல்லித் தரலையா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். என் முகத்தில் அவள் என்ன பார்த்தாளோ தெரியாது, எழுந்தாள். எதிர்க்கடையில் வண்டி நின்றது. சாலையைக் குறுக்கே வெட்டி இறங்குகிற படிக்கட்டும் பக்கத்தில்தான். அவள் ஓட்டத்துக்கு இரண்டாவது வளைவுக்கு அவருக்கு முன்னால் போய் நின்று கையை ஆட்டியிருக்கலாம். அவருக்கு முன்னால் போயிருப்பாள் என்றுதான் நினைக்கிறேன்.

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"வலிக்குதும்மா. விட்டுட்டுப் போகாத."

"விடுப்பா."

"செத்துடுவேன்மா."

"அப்பா, விடு."

மெக்கானிக் கை, ஐயா. முறுக்கிக்கொண்ட போல்ட்டையெல்லாம் திருகித் திருகி இறுகிப்போன கை. அவள் மறு கையால் என் விரல்களைப் பிரித்துப் பார்த்தாள், நகத்தால் கீறினாள். கடைசியாகக் கடித்தாள். நீங்கள் அவள் மணிக்கட்டில் இருக்கிற கன்றிப்போன தடத்தைப் படம் எடுத்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது பிடிப்பேனே, அதேபோலத்தான் பிடித்தேன். அதற்குமேல் இல்லை.

பிறகு கீழே சத்தம் நின்றது. தேய்ந்து மறையவில்லை. இருந்தது, அடுத்த நொடி இல்லை. கூடவே ரப்பர் கீறுகிற ஒரு சத்தம், அவ்வளவுதான். அவள் போராடுவதை நிறுத்தினாள். நான் கையை விட்டேன். இனி பிடித்துவைத்திருக்க அவசியம் இல்லை.

அவளும் பஞ்சர்காரரும் போய்ச் சேர்ந்தபோது அவர் கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கிடந்தாராம். நான் மெதுவாக நடந்து போய்ச் சேர்ந்தபோது கூட்டம் கூடியிருந்தது. அவருடைய இடது கைவிரல் நாலும் கைப்பிடி பிடித்தமாதிரியே மடங்கியிருந்தது. சொன்னபடி கேட்கிற பிள்ளை. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அவள் சாய்ந்துகிடந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். டேங்க் மூடியைத் திறந்து விரலை உள்ளே விட்டு நனைத்தாள். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப்பார்த்தாள். மூக்கில் வைத்து முகர்ந்தாள். ஆயில் கலந்த பெட்ரோல் வழவழவென்று இருக்கும், வெறும் பெட்ரோல் வறண்டு பறந்துவிடும். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான்.

அவள் நடந்து வந்து அந்த விரல்களை என் சட்டையில் துடைத்தாள். நெஞ்சு வலிக்கிறது என்று நான் பிடித்துக்கொண்ட அதே இடத்தில். அங்கிருந்து நேராக உங்களிடம் வந்துவிட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையைக் கொன்றது நான். ஆயில் ஊற்றாமல் பெட்ரோல் ஊற்றினேன். இறக்கத்தில் எப்படி ஓட்டினால் எஞ்சின் கவ்வுமோ அப்படி ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். போகமாட்டேன் என்றவரைப் போகச் சொன்னேன். காப்பாற்ற ஓடியவளைப் பிடித்துவைத்தேன். எல்லாம் தெரிந்துதான் செய்தேன். கூடவே இன்னொன்றையும் எழுத வேண்டும். பின்சீட்டிலிருந்து அவளை இறக்கியதும் நான்தான். அவள் உயிரோடு இருப்பது என்னால். அதை யாரும் அவளுக்கு எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், நீங்கள் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் வண்டி இன்னும் பட்டறையில் பிரித்தபடியே கிடக்கிறது. வால்வு மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வந்தேன், தூசி விழும். அவளை வந்து மூடச் சொல்லுங்கள். இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய டூல் பெட்டியைத் துடைத்து மேஜைமேலேயே வைத்திருக்கிறேன். பட்டறையை அவள் பார்த்துக்கொள்ளட்டும், நான் வருகிறவரைக்கும்.

சாவியைப் பஞ்சர்காரரிடம் கொடுத்துவிட்டு, காரியத்துக்கு வந்த தன் மாமியாரோடு இன்று காலை ரயிலில் போய்விட்டாள் என்று உங்கள் காவலர் சொன்னார். என்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இருக்கட்டும். துக்கம், நாலு நாள் எங்கேயாவது இருந்துவிட்டு வரட்டும். அடுத்தமுறை டீயில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், ஐயா, அவள் வந்தால் திட்டுவாள். கட்டாயம் வருவாள். வராமல் எங்கே போவாள், இனி அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.